விரித்தால் ஆடுகளம்

அனைவருக்கும் வணக்கம். முதலிலேயே ஒரு சண்டையைத் தொடங்கிவிடுகிறேன். "சின்ன வயசு விளையாட்டுகளை வைத்துக் குழந்தைக்குத் துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒரு ஒட்டுப் போர்வை தைத்தேன்" என்று யாராவது சொன்னால், விரித்துக் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் ஒரு கரடி பொம்மை இருக்கும், ஒரு ரயில் இருக்கும், ஒரு பந்து இருக்கும். எல்லாம் படம். அச்சடித்த துணியை வெட்டிச் சேர்த்திருப்பார்கள், இல்லையென்றால் அப்ளிக் வேலையாக மேலே வைத்துத் தைத்திருப்பார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் படத்திலிருக்கும் பந்தை யார் உருட்ட முடியும்?

என் கட்சி இதுதான்: விளையாட்டிலிருந்து அதன் கட்டத்தை எடுங்கள், கோட்டை எடுங்கள், சுழற்சியை எடுங்கள். அப்போது போர்வையே ஒரு விளையாட்டுச் சாமான் ஆகிவிடும்.

சின்ன வயதில் ஆடியவற்றை நினைத்துப் பாருங்கள். பாண்டி, சதுரங்கம், பாம்பும் ஏணியும், பூஜ்யமும் பெருக்கலும் போடுகிற ஆட்டம், எல்லாமே கட்டம். ஒட்டுப் போர்வையும் கட்டம் கட்டமாகத்தான் வளர்கிறது. மூன்று வரிசையில் ஒன்பது சதுரங்களைச் சேர்த்துத் தைப்பது இந்தக் கைவேலையின் பாலபாடம். பூஜ்யம், பெருக்கல் ஆட்டத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

காகிதக் காற்றாடிக்கும் ஒரு தையல் உண்டு. இரண்டு நிறத்தில் ஒவ்வொரு சதுரம், 3⅞ அங்குலத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். நல்ல பக்கங்கள் உள்ளே முகம் பார்க்க ஒன்றன் மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தையுங்கள். அப்புறம்தான் கோட்டில் வெட்ட வேண்டும். முதலில் முக்கோணமாக வெட்டிவிட்டு அப்புறம் தைக்கலாம் என்று நினைக்காதீர்கள். கிராஸாக, அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக, வெட்டிய ஓரம் கை பட்டாலே இழுத்துக்கொள்ளும். இப்படி ஒரு ஜோடியில் இரண்டு துண்டு வரும். நான்கு துண்டுகளைச் சேர்த்தால் காற்றாடி ஒன்று கிடைக்கும், தையலுக்குப் போனது போக 6 அங்குலச் சதுரமாக.

கட்டைகளை அடுக்கி வைத்தது போலத் தோன்றும் வடிவம் இன்னொன்று. சாய்சதுரங்கள் மூன்றை வெளிர், நடுத்தரம், கருமை என்று மூன்று சாயலில் சேர்த்தால் கண்ணுக்கு முன்னால் ஒரு கனசதுரம் நிற்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் மேலே இருந்த முகம் கீழே போய்விடும், கட்டை தலைகீழாகும். இது நேற்றைக்குக் கண்டுபிடித்ததல்ல. கிரேக்கத்தின் டெலோஸ் தீவில் பழைய வீடுகளின் தரையில் கல் துண்டுகளால் இதே வடிவத்தைப் பதித்திருக்கிறார்கள். ஆனால் தைப்பது லேசான வேலை இல்லை, முதல் போர்வைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

முதல் போர்வைக்குச் சதுரங்கப் பலகை. 64 கட்டங்கள் என்றதும் பயந்துவிடாதீர்கள், 64 துண்டு வெட்ட வேண்டியதில்லை. இரண்டு நிறத்தில் 5 அங்குல அகலப் பட்டைகள் எட்டு, மாற்றி மாற்றிச் சேர்த்துத் தையுங்கள். ஒவ்வொன்றும் 40 அங்குல நீளத்துக்குக் குறையக் கூடாது. தைத்ததைக் குறுக்கே ஐந்தைந்து அங்குலமாக வெட்டினால் எட்டு வரிசைகள். ஒன்றுவிட்டு ஒரு வரிசையைத் தலைமாற்றி வைத்துத் தைத்தால் கறுப்பு வெள்ளைக் கட்டம் தானாக விழும். தையலுக்குப் போனது போக 36 அங்குலச் சதுரப் போர்வை தயார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பட்டைகளைச் சேர்த்ததும் தையல் மடிப்புகளை எல்லாம் கருமையான துணிப் பக்கமே சாய்த்து இஸ்திரி போட வேண்டும். தலைமாற்றிய வரிசையில் மடிப்பு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து விரலால் தடவினால் ஒரு மடிப்பு இன்னொன்றின் பக்கத்தில் போய் 'டக்' என்று உட்காரும். குண்டூசி குத்தாமலே நான்கு மூலைகளும் ஒரு புள்ளியில் சேரும். அந்த 'டக்'குக்காகவே இந்த வேலையை விடாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சரி, தையலுக்கு விடும் துணி கால் அங்குலம் என்றால் கால் அங்குலம்தான். ஒவ்வொரு தையலிலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் போதும், ஏழு தையலில் முக்கால் அங்குலத்துக்கு மேல் காணாமல் போயிருக்கும்.

பாம்பும் ஏணியும் இந்தியாவில் பிறந்த ஆட்டம். ஏணி புண்ணியம், பாம்பு பாவம், உச்சியில் மோட்சம் என்பது பழைய பலகையின் கணக்கு. நூறு கட்டம் குழந்தைப் போர்வைக்கு அதிகம், 6 அங்குலத்தில் 36 கட்டம் போதும். பாம்பைத் துணியில் வெட்டி ஒட்ட வேண்டாம் என்பேன். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்து எப்படியும் ஓட்டுத்தையல் போட்டாக வேண்டும். அந்தத் தையலையே பாம்பாக வளைத்துவிடுங்கள். மேலே கட்டங்களுக்கு நடுவே பாம்பு ஒளிந்துகொள்ளும். போர்வையைத் திருப்பினால் வெற்று அடித்துணியில் பாம்பும் ஏணியும் மட்டும் மேடு பள்ளமாகத் தெரியும். விரலால் தடவிக்கொண்டே போகலாம்.

"இதெல்லாம் பெரியவர்களின் ரசனை, பிறந்த குழந்தைக்குச் சதுரங்கம் என்ன தெரியும்?" என்று கேட்கலாம். கரடி பொம்மை மட்டும் தெரியுமா? ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், குழந்தைகள் எதை அதிக நேரம் பார்க்கின்றன என்று அளந்து 1961-இல் எழுதினார். வெறும் நிறத்தைவிடக் கோலமும் வடிவமும் உள்ள அட்டைகளைத்தான் அவை அதிகம் பார்த்தன. புதிதாகப் பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும், ஏறக்குறைய ஒரு சாண். கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய கட்டம் என்றால் கண் அதில் நிற்கும். குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கப் பழகும் குழந்தைக்குப் போர்வை அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது. வெளிர் ரோஜா நிறத்தில் வெளிர் நீலக் கரடி, பாவம், அதற்குத் தெரியவே தெரியாது.

உருவமே இல்லாத குழந்தைப் போர்வைக்குப் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. ஓவியர் சோனியா டெலோனே. 1911-இல் பாரிஸில் அவருக்கு மகன் பிறந்தான். ரஷ்யக் குடியானவர் வீடுகளில் பார்த்த மாதிரியில் துண்டுத் துணிகளைச் சேர்த்து அவனுக்கு ஒரு தொட்டில் போர்வை தைத்தார். அதில் மானும் இல்லை மயிலும் இல்லை, நிறத்துக்குப் பக்கத்தில் நிறம். அதற்குப் பிறகு அவரும் கணவர் ராபர்ட் டெலோனேயும் நிறத்தை மட்டுமே நம்பி வரைந்த ஓவியங்களுக்கு இந்தப் போர்வை ஒரு தொடக்கம் என்று கலை வரலாற்றில் எழுதுகிறார்கள். இன்று அது பாரிஸில் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி கண்டிப்பான விஷயம். போர்வை என்று நாம் சொல்கிறோமே தவிர, ஒரு வயது வரை இதைத் தூங்கும் குழந்தைக்குப் போர்த்தக் கூடாது, தொட்டிலுக்குள் போட்டு வைக்கவும் கூடாது. மூச்சு முட்டும் ஆபத்து இருப்பதால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2022 வழிகாட்டுதலிலும் இதைச் சொல்லியிருக்கிறது. இது தரையில் விரிப்பதற்கு, பக்கத்தில் ஒரு பெரியவர் விழித்திருக்கும்போது. பொத்தான் கண், மணி, நீளமான ரிப்பன் எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாமான்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறிய உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கலாம் என்று அர்த்தம். ஆட்டக் காய்களைத் துணியில் தைத்துத் தர ஆசைப்படுகிறவர்களும் மூன்று வயது வரை பொறுங்கள். துணிகளை முதலிலேயே துவைத்துவிடுங்கள், சிவப்புத் துணியை இரண்டு தடவை.

கடைசியாக, எப்போதும் வரும் புகார். இவ்வளவு பாடுபட்டுத் தைத்ததை வீட்டில் பெரியவர்கள் மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள், அழுக்காகுமாம். அழுக்காகட்டும், பருத்திதானே, துவைக்கலாம். கேட்காவிட்டால் அவர்களுக்குத் தனியாக ஒரு கரடி பொம்மைப் போர்வை தைத்துக் கொடுத்துவிடுங்கள். அதை அவர்கள் சுவரில் மாட்டிக்கொள்ளட்டும்.