சோறு கேட்காத எந்திரமும் உப்பு வைத்துப் போன மனிதரும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். விண்வெளியில் சாதிக்கப்போவது மனிதனா, எந்திரமா? மனிதனே! அதைப் பேசத்தான் வந்திருக்கேன்.

எனக்கு முன்னால பேசின எதிரணி நண்பர் அருமையாப் பேசினார். 1977-ல கிளம்பின வாயேஜர் விண்கலம் இன்னும் போய்க்கிட்டே இருக்குன்னார். 90 நாளைக்குன்னு செவ்வாய்க்கு அனுப்பின ஆப்பர்சூனிட்டி வண்டி ஏறத்தாழ 15 வருஷம் உழைச்சுதுன்னார். அத்தனையும் உண்மை. அந்த வண்டி பேச்சை நிறுத்தினப்ப நானும் கலங்கினவன்தான். ஆனா உக்காரும்போது ஒரு வார்த்தை விட்டுட்டுப் போனார் பாருங்க. "எந்திரம் சோறு கேட்காது. மனுஷனை அனுப்பினா ராக்கெட்டுல பாதி இடம் அவன் கட்டுச்சோத்துக்கே போயிடும்"னார். அரங்கமே அதிர்ந்தது. நீங்கதான் கைதட்டினீங்க.

ககாரின் 1961 ஏப்ரல் 12-ல 108 நிமிஷத்துல பூமியைச் சுத்தி வந்ததுல ஆரம்பிச்சு வரிசையாச் சொல்லணும்னு குறிப்பு எழுதிட்டு வந்தேன். மடிச்சு வச்சுட்டேன். இந்தக் கட்டுச்சோத்துக்குப் பதில் சொல்லாம நான் உக்காரப் போறதில்ல.

1985-க்கு வாங்க. சோவியத் நாட்டோட சல்யூட்-7 விண்வெளி நிலையம். பூமியைச் சுத்துற ஒரு வீடு, ஏறக்குறைய 20 டன். அதுக்கு முந்தின அக்டோபர்ல அங்க இருந்தவங்க வேலை முடிஞ்சு இறங்கிட்டாங்க. வீடு காலி. எல்லாத்தையும் எந்திரமே பாத்துக்கிட்டிருக்கு. யாரும் சோறு கேட்கலை. எதிரணி நண்பர் ஆசைப்பட்ட மாதிரியே இருக்கு. பிப்ரவரியில ஒரு நாள் அந்த வீட்டுலேர்ந்து பேச்சு நின்னு போச்சு. கூப்பிட்டுப் பாக்குறாங்க, பதில் இல்ல. 20 டன் பொணம் மாதிரி சுத்திக்கிட்டிருக்கு.

என்ன ஆச்சு தெரியுமா? சூரிய ஒளித் தகடு பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கணும். பேட்டரி நிறைஞ்சா நிறுத்தச் சொல்ல ஒரு சின்ன சென்சார் இருக்கு. அது பழுதாயிடுச்சு. பேட்டரி பாதியாகுது, சென்சார் சொல்லுது: நிறைஞ்சிருக்கு. கால்வாசி ஆகுது, சென்சார் சொல்லுது: நிறைஞ்சிருக்கு. சொட்டு மின்சாரம் இல்லாம வத்திப்போச்சு, அப்பவும் கடைசியாச் சொன்னது: நிறைஞ்சிருக்கு, போதும், வேண்டாம்! வெளிய வெயில் கொட்டுது. உள்ள பட்டினி.

நண்பரே, எந்திரம் சோறு கேட்காதுன்னீங்களே! சத்தியமான வார்த்தை. கேட்கத் தெரியாமத்தானே அது செத்துப்போச்சு!

கைதட்டலை வச்சுக்கங்க, கதை இன்னும் பாதி இருக்கு.

ஜூன் 6-ஆம் தேதி ரெண்டு பேரை அனுப்பினாங்க. விளாடிமிர் ஜானிபெகோவ், விக்டர் சவினிக். வழக்கமா விண்கலம் கூப்பிடும், நிலையம் பதில் சொல்லும், ரெண்டும் பேசிப் பேசியே தானா வந்து சேரும். இங்கதான் பதில் சொல்ல ஆளே இல்லையே! கையில தூரம் அளக்குற ஒரு கருவி, பக்கத்து ஜன்னல் வழியாப் பார்வை, இதை நம்பித்தான் ஜானிபெகோவ் விண்கலத்தை ஓட்டிட்டுப் போனார். கொஞ்சம் வேகம் கூடினா மோதல். கொஞ்சம் தப்பினா வீடு கைவிட்டுப் போயிடும். 8-ஆம் தேதி கொண்டுபோய் ஒட்டினார். கண்ணால பாத்து, கையால ஒட்டினார்.

கதவைத் திறந்தா இருட்டு, சத்தமே இல்ல. சுவரெல்லாம் பனி படிஞ்சிருக்கு. எவ்வளவு குளிருன்னு தெரியணுமே, எச்சில் துப்பிப் பாருங்கன்னு கீழேருந்து சொன்னாங்க. துப்பினாங்க. மூணு விநாடியில உறைஞ்சுபோச்சு. நடுவர் அவர்களே, ஒரு வீட்டுக்குள்ள போயி எச்சில் துப்பி, ஒண்ணு... ரெண்டு... மூணுன்னு எண்ணி முடிக்கிறதுக்குள்ள அது கல்லாயிடுச்சுன்னா அங்க நீங்க நிப்பீங்களா? அவங்க நின்னாங்க. கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கிட்டு வேலையில இறங்கினாங்க.

அங்க காத்தை நகர்த்துற விசிறியும் செத்துப்போச்சு. எடையில்லாத இடத்துல நாம விடுற மூச்சு தானா விலகிப் போகாது. முகத்தைச் சுத்தியே நிக்கும். விட்ட மூச்சையே திரும்ப இழுக்கணும். தலை வலிக்கும், மயக்கம் வரும். குடிக்கிற தண்ணி சில நாளைக்குத்தான். நிலையத்துல இருந்த தண்ணியெல்லாம் பனிக்கட்டி.

கோளாறு எங்கன்னு தேடித் தேடிக் கண்டுபிடிச்சாங்க. சென்சார் பேச்சைக் கேட்காம, ஒளித்தகட்டுலேர்ந்து நேரா பேட்டரிக்கு ஒயரை இழுத்து முறுக்கினாங்க. கையுறை போட்டா ஒயர் பிடிபடாது, அதனால அந்தக் குளிர்ல வெறுங்கை! அப்புறம் தாங்க வந்த விண்கலத்தோட விசையைத் தட்டி, நிலையத்தையே திருப்பி, சூரியனுக்கு முகம் காட்ட வச்சாங்க. எட்டு பேட்டரியில ஆறு உயிர் பிடிச்சது. விளக்கு எரிஞ்சது. பனி உருகி சுவரெல்லாம் தண்ணி. கைக்குக் கிடைச்ச துணியையெல்லாம் வச்சு வாரக்கணக்குல துடைச்சாங்க.

இன்னொரு தடவை சொல்றேன், ஏன்னா எனக்கு இது அலுக்கவே அலுக்காது. பேட்டரி வத்திக் கிடக்கு, சென்சார் சொல்லுது நிறைஞ்சிருக்குன்னு. மனுஷன் தொட்டுப் பாத்துட்டுச் சொன்னான், இல்ல, இது பட்டினியா இருக்குன்னு. பசின்னா என்னன்னு தெரிஞ்சவனுக்குத்தானே பசி புரியும்!

வேகத்தைப் பத்தியும் எதிரணியில பேசினாங்க. ஆப்பர்சூனிட்டி அந்த 15 வருஷத்துல ஓடின மொத்தத் தூரம் 45 கிலோமீட்டர். 1972 டிசம்பர்ல அப்போலோ 17-ல போன செர்னானும் ஷ்மிட்டும் நிலாவுல வண்டி ஓட்டினது சுமார் 35 கிலோமீட்டர், மூணே நாள்ல. வண்டியோட மட்கார்டு உடைஞ்சு தூசி தலையில கொட்டினப்ப, வரைபடத்தாள்களை டேப் போட்டு ஒட்டிச் சரிபண்ணிக்கிட்டே ஓட்டினாங்க. ஷ்மிட் நிலவியல் படிச்சவர். ஒரு பள்ளத்தோரம் நடக்கும்போது கால் பட்ட இடத்துல மண்ணு ஆரஞ்சு நிறமாத் தெரிஞ்சது. சாம்பல் நிற உலகத்துல ஆரஞ்சு! அந்த நொடியே குனிஞ்சு தோண்ட ஆரம்பிச்சார். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால எரிமலை கக்கின கண்ணாடி மணிகள் அது. 2011-ல அதுக்குள்ளேயே தண்ணியோட தடத்தைக் கண்டுபிடிச்சாங்க.

செவ்வாய்ல இன்சைட்னு ஒரு கருவி. தரையில அஞ்சு மீட்டர் வரைக்கும் துளை போட ஒரு ஆணியைக் கொண்டுபோச்சு. மண்ணு பிடி கொடுக்கலை. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் பூமியிலேர்ந்து கட்டளை அனுப்பிப் பாத்துட்டு, 2021 ஜனவரியில கைவிட்டாங்க. ஆணியோட தலை மண்ணுக்குள்ள சில சென்டிமீட்டர்தான் போயிருந்தது. ஓர் ஆள் பக்கத்துல நின்னிருந்தா என்ன செஞ்சிருப்பார்? ஒரு மிதி! செவ்வாய்க்கு ஒரு சேதி போய்ச் சேரவே இடத்தைப் பொறுத்து 3 நிமிஷத்துலேர்ந்து 22 நிமிஷம் வரைக்கும் ஆகும், பதில் வர அதே நேரம். நாளைக்கு அங்க தோண்டணும், தேடணும், வீடு கட்டணும்னா பக்கத்துல ஆள் வேணும் ஐயா.

உயிர் போகுதேன்னு எதிரணி அம்மா கேட்டாங்க. 1971-ல சோயுஸ் 11 விண்கலத்துல மூணு பேர். 1986-ல சேலஞ்சர்ல ஏழு பேர். 2003-ல கொலம்பியாவுல ஏழு பேர். அம்மா, இதுக்கு என்கிட்ட எதிர்வாதம் கிடையாது. அந்த வீட்டுப் பிள்ளைங்க முன்னால எந்த வாதமும் நிக்காது. ஒண்ணு மட்டும் சொல்றேன். சோயுஸ் 11-ல காத்து கசிஞ்சு அந்த மூணு பேரும் போனதுக்கு அப்புறம், ஏறும்போதும் இறங்கும்போதும் காத்தடைச்ச உடை இல்லாம சோவியத் வீரர்களை அனுப்பறதில்லைன்னு ஆச்சு. பின்னால போனவங்க உடம்புல இருந்த ஒவ்வொரு உடுப்பும் அந்த மூணு பேர் கொடுத்துட்டுப் போனது.

நடுவர் மணியடிக்கிறார். கட்டுச்சோத்துல ஒரு விஷயம் பாக்கி இருக்கு.

உறைஞ்சு கிடந்த சல்யூட்டுக்குள்ள அந்த ரெண்டு பேரும் விளக்கடிச்சுப் பாத்துக்கிட்டே மேஜைகிட்ட வந்தாங்க. மேஜையில ஒரு பொட்டலம். ரஸ்க், கூடவே உப்பு மாத்திரை. வீட்டுக்கு வர்றவங்களை ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்கிறது ரஷ்யர்களோட வழக்கம். முந்தின அக்டோபர்ல கிளம்பிப் போன கிசிம், சொலொவியோவ், அத்கோவ் மூணு பேரும் 237 நாள் அங்க வாழ்ந்தவங்க. அடுத்து யார் வருவாங்க, எப்ப வருவாங்கன்னு தெரியாது. வர்றவங்க பசியோட வருவாங்கங்கிறது மட்டும் தெரியும். எடுத்து வச்சுட்டுப் போயிருக்காங்க. அந்த வீடு செத்துது, உறைஞ்சுது, இருண்டுது. உப்பு மட்டும் காத்துக்கிட்டிருந்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லி வளத்த மொழியில நின்னு பேசறேன் நண்பரே. நீங்க கேலி பண்ணின அந்தக் கட்டுச்சோறு இதுதான். எந்த ரோபோ இன்னொரு ரோபோவுக்கு எடுத்து வச்சிருக்கு?

அடுத்த வருஷம், 1986 மே மாசம். கிசிமும் சொலொவியோவும் மீர் நிலையத்துலேர்ந்து கிளம்பி சல்யூட்-7-க்கே திரும்பி வந்தாங்க. ஒரு விண்வெளி நிலையத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு மனுஷங்க போனது அதுதான் முதல் தடவை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால தாங்க பூட்டிட்டுப் போன கதவைத் திறந்தாங்க. செத்துப் பிழைச்ச வீடு அது. அவங்க வச்சுட்டுப் போன உப்பு, வந்தவங்களை வரவேற்ற வீடு.

நன்றி, வணக்கம்.