புள்ளி பறக்காம கண்ணாடியில எழுத்து ஒட்டுறது எப்படி?

வணக்கம் மக்களே, ரங்கூன்ல இருந்து பேசுறேன். கடைக் கண்ணாடியில இன்னைக்கு ரெண்டு வேலை: கீழ்ப்பாதிக்கு உள்பக்கம் ஃப்ராஸ்டட் ஃபிலிம் (பனி படிஞ்ச மாதிரி மங்கலாத் தெரியுற ஒட்டுத்தாள்), மேல வெளிப்பக்கம் தமிழ்லயும் பர்மியத்துலயும் ஸ்டிக்கர் எழுத்துல கடைப் பேரு.

உள்ள ஏசி ஓடுதா? ஒரு மணி நேரம் முன்னாடியே நிறுத்திடுங்க. மழைக்காலத்துல கண்ணாடி ஜில்லுன்னு இருந்தா வெளிப்பக்கம் வேர்த்துக்கிட்டே இருக்கும், எழுத்து பிடிக்காது. ஃபேனும் வேண்டாம், தூசியைக் கிளப்பும். வெயில் ஏறுறதுக்குள்ள காலையிலயே முடிச்சிடுங்க. சூடான கண்ணாடியில பசை தொட்டவுடனே கவ்விடும், நகர்த்த முடியாது.

சோப்புத் தண்ணி அடிச்சு, ஈரமா இருக்கும்போதே பிளேடைச் சாய்ச்சுப் பிடிச்சு சுரண்டுங்க. பழைய பசை, பெயின்ட் துளி எல்லாம் வந்துடும். கடைசியா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டு நூல் விடாத துணியால துடைக்கணும். ஓரத்து ரப்பர் இடுக்கை மறந்துடாதீங்க, அழுக்கு அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

ஃபிலிமை நாலு பக்கமும் 2 செ.மீ. கூடுதலா வெட்டுங்க. 1 லிட்டர் தண்ணிக்கு பேபி ஷாம்பு 3 சொட்டு. தாராளமா ஊத்தினா வழுக்க நல்லாதான் இருக்கும், பிடிக்கத்தான் பிடிக்காது. கண்ணாடி, பசைப்பக்கம், உங்க விரல், மூணையும் நனைங்க. காய்ஞ்ச விரல் பட்டா ரேகை அப்படியே பதிஞ்சிடும். இது ஒளி ஊடுருவுற ஃபிலிம், அந்த ரேகையை மறைக்காது. ஃபிலிமைக் கண்ணாடியில வெச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்கு ஸ்க்வீஜியை, அதாவது தண்ணியை வழிச்சுத் தள்ளுற பட்டையை, தள்ளுங்க. ஒவ்வொரு இழுப்பும் முந்தினது மேல கொஞ்சம் ஏறணும். புது பிளேடால, ரப்பர்ல இருந்து 1 மி.மீ. விட்டு வெட்டுங்க, ஒட்டி விட்டா ஓரம் மடங்கித் தூக்கும். ரெண்டு துண்டு போடுறதா இருந்தா ரோல்ல இருந்த திசை மாறக் கூடாது. ஒண்ணைத் திருப்பிப் போட்டா வெளிச்சத்துல ரெண்டும் ரெண்டு நிறமாத் தெரியும்.

இப்ப எழுத்து. தமிழ்ல வம்பு பண்றது மெய்யெழுத்துப் புள்ளி. பர்மியத்துலயும் எழுத்துக்குக் கீழ வர்ற சின்னப் புள்ளி அதே ரகம். பரப்பு குறைவு, பசையும் குறைவு; ட்ரான்ஸ்ஃபர் டேப்பை (எழுத்தை மொத்தமாத் தூக்கிக் கண்ணாடியில வைக்க மேல ஒட்டுற டேப்) உரிக்கிறப்போ கூடவே பறந்துடும். அதனால புள்ளி 6 மி.மீ.க்குக் குறையாம டிசைன்லயே பெரிசாக்கிடுங்க. பர்மிய 'வ' முழு வட்டம். நடுவுல இருக்கிற வட்டத்தை ஊசி முனையால எடுத்த பிறகுதான் டேப் போடணும். மறந்தா எழுத்து வெறும் பொட்டாயிடும்.

எழுத்துக்குத் தண்ணியை லேசா அடிச்சா போதும். வெச்சு, ஸ்க்வீஜி போட்டு, டேப் மேலயும் கொஞ்சம் தண்ணி தெளிங்க. காகித டேப்னா ஊறி இளகும். 10, 15 நிமிஷம் சும்மா இருங்க. இங்கதான் எல்லாரும் அவசரப்படுறாங்க. பிறகு டேப்பைக் கண்ணாடியோட ஒட்டினாப்ல பின்னோக்கி மடிச்சு மெதுவா இழுங்க. முன்னாடி தூக்கி இழுத்தா போச்சு.

(கேமரா கிட்ட) இதோ, இந்தப் புள்ளி எழும்புது பாருங்க. இழுக்காதீங்க. டேப்பைத் திரும்பப் படிய வெச்சு, விரலால அழுத்தி, இன்னும் 5 நிமிஷம் விடுங்க... இப்ப இழுக்குறேன்... ம், நின்னுடுச்சு.

சின்னச் சின்ன நீர்க்குமிழி சில நாள்ல தானா காயும். குத்தாதீங்க. ஒரு வாரம் அந்தக் கண்ணாடியைக் கழுவவும் வேண்டாம்.