தட்டில் பூ வரைந்த கை

நடுவர் அவர்களே! ஆங்கிலக் கவிஞர் ரூத் பிட்டரின் கவிதையைக் கைத்தொழில் வளர்த்ததா, கெடுத்ததா? இதுதான் தலைப்பு. "பகலெல்லாம் தட்டுக்குச் சாயம் தீட்டிய அம்மையார் எப்போது எழுதியிருப்பார்?" என்று பரிதாபப்பட்டுவிட்டுப் போனார் எதிரணித் தலைவர். எப்போதோ எழுதினார் ஐயா! 1937-ல் ஹாதார்ன்டன் இலக்கியப் பரிசு வாங்குகிற அளவுக்கு எழுதினார். கவிதைக்கான அரசியின் தங்கப் பதக்கம் 1955-ல் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குப் போனது. அந்தப் பெண்ணும் இவரே.

இங்கிலாந்தின் சஃபோக் கடலோரத்து மண்பாண்டப் பட்டறையில் வண்ணம் தீட்டப் பழகியவர், 1930-ல் தோழி கேத்லீன் ஓஹாராவோடு சேர்ந்து லண்டன் செல்சியில் ஒரு கடையையே வாங்கினார். மேசை நாற்காலியிலும் தட்டிலும் பூ வரைந்து விற்கிற கடை. அந்த வேலை லேசானதா? அடிப்பூச்சு நன்றாகக் காயணும், உப்புத்தாளால் தேய்க்கணும், அப்புறம்தான் பூ, கடைசியில் வார்னிஷ். அடி காயாமல் மேலே தீட்டினால் வெடித்துவிடும். ஈரத்தின் மேல் தூரிகையை இரண்டாம் தடவை ஓட்டினால் நிறம் கலங்கிச் சேறாகும். ஆகவே இதழ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கை இறங்குமுன் கண்ணுக்குத் தெரிந்திருக்கணும்.

இந்தக் கண்ணோடு அவருடைய 'ஸ்டார்ம்காக் இன் எல்டர்' கவிதைக்கு வாருங்கள். ஸ்டார்ம்காக் என்பது கடுங்குளிரிலும் பாடுகிற ஒரு பூங்குருவி. இருட்டுக் குடிலில் ரொட்டியைத் துழாவுகிற ஒருவர், உடைந்த கூரை வழியே கை எட்டும் தூரத்தில் அதைப் பார்க்கிறார். துடிக்கிற தொண்டை, பனி படிந்த மார்பு, திறந்த அலகுக்குள் கூர்நாக்கு, செதில், நரம்பு, நகம், சிறகு என்று எதுவும் விடுபடவில்லை. "அழகான பறவை" என்று சொல்லித் தப்பிக்கிற வேலையே கிடையாது!

கட்டுமானத்தையும் பாருங்கள். பத்திக்கு ஆறு அடி, பெரும்பாலும் அடிக்கு எட்டு அசை. முதல் நான்கில் ஒன்றுவிட்டு ஒன்று இயைபு. கடைசி இரண்டும் இணை. இவ்வளவு குட்டை அடியில் இயைபு வந்தால் தாலாட்டாகிவிடும் ஆபத்து உண்டு. அவர் என்ன செய்கிறார்? வாக்கியத்தை அடி முடிவில் நிறுத்தாமல் அடுத்த அடிக்குள் வழியவிடுகிறார். வெள்ளை இறகு செம்பழுப்பில் கரைகிற இடத்தில் வாக்கியமும் அடி தாண்டிக் கரைகிறது.

இளவயதுப் பாடல்களில் பழஞ்சொல் மண்டிக் கிடக்கிறது என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். அது அன்று அவர் படித்த புத்தகத்தின் குற்றம், பட்டறையின் குற்றமில்லை. பிறகு அவரை மறந்தது ஏன்? 1922-ல் கவிஞர் எலியட்டின் 'பாழ்நிலம்' என்ற புதுப்பாணி நெடுங்கவிதை வந்தபின் விமரிசகர்களின் ருசி மாறியது. இயைபோடு எழுதினாலே பழசு என்றார்கள். இதில் தட்டு என்ன பாவம் செய்தது? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லண்டன் பேட்டர்சீ தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனபோதும் எழுத்து நிற்கவில்லையே!

கடைசியாக ஒரு சொல், நடுவர் அவர்களே. அதே கவிதையின் நான்காம் பத்தி. குருவியின் கண்ணைச் சுற்றியிருக்கும் பொடி இறகுகளை 'ஃபைன்லி லெய்ட்' என்கிறார், நேர்த்தியாகப் பதித்தவை. வண்ணத்தையும் தங்கத்தாளையும் பதிக்கிறவர்கள் புழங்குகிற சொல் அது. பிட்டர் பல்கலைக்கழகம் போனவரில்லை. அந்தச் சொல் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று எதிரணி சொல்லட்டும்!