ரிவெர்ப்பின் வாலைப் பிடித்து

நேயர்களுக்கு வணக்கம்.

என் குரல் இப்போது உங்கள் பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் கேட்கும். ஒலியை விழுங்கும்படி சுவர்களை அமைத்த அறையில் உட்கார்ந்து பேசுவதால் அப்படி. இதையே ஒரு பெரிய காலி மண்டபத்தில் பேசினால், வாயை மூடிய பிறகும் சொல் சற்று நேரம் காற்றில் நிற்கும். சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுப் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து தேய்ந்து போகும் அந்த முழக்கத்துக்கு எதிர்முழக்கம் என்று பெயர். இசைப்பதிவில் இருப்பவர்கள் ரிவெர்ப் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

பாட்டு வறண்டு கேட்கிறது என்று தோன்றினால், மென்பொருளில் 'பெரிய மண்டபம்' என்ற ஆயத்த அமைப்பைத் தேர்ந்தெடுத்து, அளவைக் கொஞ்சம் கூட்டிவிட்டு எழுந்து போகிறவர்கள் ஏராளம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரிவெர்ப்பைத் தனி வாத்தியமாக நடத்தினால்தான் அதன் சுவை தெரியும். அதை வடிகட்டலாம், நறுக்கலாம், தலைகீழாகத் திருப்பலாம், தாளத்துக்குக் கட்டுப்படுத்தலாம்.

எதிர்முழக்கத்தை முதலில் அளந்து பார்த்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் வாலஸ் சாபின். அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது ஒன்றும் புரியவில்லை என்ற புகார் 1895-இல் அவரிடம் வந்தது. இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டே போனார். ஒலி 60 டெசிபல் குறைய, அதாவது அதன் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காக, எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே இன்றும் அளவுகோல். உங்கள் மென்பொருளில் 'டிகே', அதாவது தேய்வு, என்று இருக்கும் குமிழ் பெரும்பாலும் அதைத்தான் காட்டுகிறது.

சாபினுக்கு எதிர்முழக்கம் தொல்லை. இசைக்காரர்களுக்கோ அது தீனி. 1947-இல் சிகாகோவில் ஹார்மோனிக்கா குழு ஒன்றின் பதிவுக்காக, பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர் குளியலறைக்குள் ஒரு ஒலிபெருக்கியையும் ஒரு மைக்கையும் வைத்தார். வாசிப்பின் ஒரு பகுதியை அங்கே அனுப்பி, திரும்பி வந்ததை வேண்டிய அளவு கலந்துகொண்டார். வாசிப்பவர் ஓரிடத்தில், அவருடைய எதிர்முழக்கம் வேறிடத்தில். இரண்டும் பிரிந்துவிட்ட பிறகு, இரண்டாவதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டது. 1957-இல் ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம் அறையையே விட்டுவிட்டு, ஏறக்குறைய 2 மீட்டர் நீள எஃகுத் தகட்டை அதிரவைத்தது. பிளேட் ரிவெர்ப் என்பது அதுதான். உலகில் எந்த அறையும் அப்படி ஒலிப்பதில்லை. இருந்தும் பாடகர் குரலுக்கு அதைப்போல் பொருந்துவது குறைவு.

சரி, எங்கே கை வைப்பது? முதலில் பிரீ-டிலே. நேரடி ஒலிக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் நடுவில் விடும் இடைவெளி இது. 20 மில்லி விநாடியில் ஒலி சுமார் 7 மீட்டர் போய்விடும் என்பதால், அவ்வளவு இடைவெளி விட்டாலே சுவர் தள்ளிப்போனதுபோல் இருக்கும், பாடகர் மட்டும் நம் அருகிலேயே நிற்பார். தமிழ் வரிகளுக்கு இது கூடுதலாகவே தேவைப்படுகிறது. க, ட, த, ப என்று வெடித்து வரும் வல்லினம் ரிவெர்ப்பில் நனைந்தால் வரி குழைந்துவிடும். முதலில் எழுத்து காதில் விழட்டும், அதன் பிறகு மண்டபம் எழும்பட்டும்.

அடுத்து வடிகட்டல். என்னைக் கேட்டால் பாதி வேலை இதில்தான். ரிவெர்ப்புக்குள் போகும் ஒலியை, அதிர்வெண்வாரியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் கீழே 600 ஹெர்ட்ஸிலும் மேலே 10,000 ஹெர்ட்ஸிலும் வெட்டும் பழக்கம் லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயராலேயே அறியப்படுகிறது. செய்து பாருங்கள். பேஸ் கிதாரோடு மோதிக்கொண்டிருந்த சேறு போய்விடும். ச, ஸ ஒலிகள் கிளப்பும் சீறலும் அடங்கும். மிஞ்சுவது நடுப்பகுதி மட்டும். தனியாகக் கேட்டால் ஏழ்மையாகத்தான் இருக்கும், பாட்டுக்குள் வைத்தால் கச்சிதமாக உட்காரும். மேல் வெட்டை 3,000 வரை இறக்கினால் இருட்டான, பழைய நினைவுபோன்ற ஒரு சாயல் வரும். மாறாக அடிப்பகுதியைக் கடுமையாக வெட்டி மேலே திறந்துவிட்டால் குரலைச் சுற்றி மூச்சுக் காற்று மட்டும் அலைவதுபோல் இருக்கும். ஒரே பிளேட், இரண்டு மனநிலை.

நறுக்குவதற்கு வருவோம். 1980-இல் வெளிவந்த, ஆங்கில ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தின் பதிவு லண்டன் டவுன்ஹவுஸ் கூடத்தில் நடந்தது. டிரம்ஸ் வாசித்தவர் ஃபில் காலின்ஸ், ஒலிப்பதிவாளர் ஹ்யூ பாட்ஜம். உள்ளே இருக்கும் கலைஞர்கள் பேசுவதைக் கேட்பதற்காக மட்டும் தொங்கவிட்டிருந்த மைக் ஒன்று, உரத்த ஒலியை அமுக்கி மெல்லியதை மேலே கொண்டுவரும் கம்ப்ரஸர் என்ற கருவியின் கடுமையான அமைப்பு வழியாக வந்துகொண்டிருந்தது. டிரம்ஸ் ஒலி தற்செயலாக அதில் விழுந்தபோது அறையே வெடிப்பதுபோல் கேட்டது. அதன்மேல் ஒரு கேட்டையும் போட்டார்கள். கேட் என்றால் ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் கதவைச் சாத்திவிடும் கருவி. பெரிய அறை என்றால் வால், அதாவது ரிவெர்ப் தேய்ந்து அடங்கும் பகுதி, நீளமாக இருந்தாக வேண்டும் என்பது இயற்கையின் கணக்கு. இங்கே அறை பிரம்மாண்டம், வாலோ கத்தரித்ததுபோல் நின்றுவிடுகிறது. அந்தத் திடீர் மௌனம்தான் அடியை அத்தனை கனமாக்கியது. 80-களில் இதை எல்லோரும் எடுத்துக்கொண்டு சலிக்கச் சலிக்கச் செய்தார்கள் என்பது வேறு கதை.

கேட் இல்லாமலும் வாலைத் தாளத்துக்குள் கட்டலாம். 60,000-ஐப் பாட்டின் நிமிடத் தட்டு எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லி விநாடி என்று கிடைக்கும். நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் 600. ஸ்னேர் டிரம் அடி இரண்டாம், நான்காம் தட்டில் விழுந்தால் நடுவே 1,200 மில்லி விநாடி இருக்கிறது. அதற்குள் வால் அடங்கும்படி வைத்தால் அடுத்த அடி சுத்தமான இடத்தில் விழும். கணக்கை அப்படியே நம்பிவிடாமல், கடைசித் திருத்தத்தைக் காதுக்கு விடுங்கள்.

தலைகீழ் ரிவெர்ப்பும் எளிதுதான். குரலைத் திருப்பிப்போட்டு, ரிவெர்ப் சேர்த்துப் பதிந்து, முழுவதையும் மறுபடி திருப்பினால், சொல்லுக்கு முன்னால் அதன் வால் வந்து சேரும். எண்மச் சுருதி மாற்றியால் வாலை ஒரு ஸ்தாயி உயர்த்தி மறுபடி ரிவெர்ப்புக்குள்ளேயே அனுப்பும் 'ஷிம்மர்' உத்தியும் உண்டு. அழகுதான், ஆனால் கேட்டவுடன் அடையாளம் தெரிந்துவிடுவதால் நான் அதிகம் தொடுவதில்லை.

நான் அதிகம் நாடுவது கான்வலூஷன் முறையை. ஓர் அறையில் பலூன் வெடித்தால் எழும் முழக்கத்தைப் பதிந்து, அதை அச்சாக வைத்து எந்த ஒலியையும் அந்த அறைக்குள் கேட்கச் செய்யும் முறை அது. அச்சாக அறையைத்தான் கொடுக்க வேண்டும் என்று கணிதம் கேட்பதில்லை. தாளத்தட்டின் நீண்ட அதிர்வைக் கொடுங்கள், குரல் வெண்கலத்துக்குள் பாடும். இரும்புக் குழாயைத் தட்டிய ஓசையைக் கொடுங்கள், வயலின் குழாய்க்குள் போய்விடும்.

இன்று வீட்டுக்குப் போய் ஒரே ஒரு பாட்டில் இதைச் செய்து பாருங்கள். சரணம் முழுவதையும் வறட்சியாக விட்டுவிட்டு, கடைசிச் சொல்லை மட்டும் நீண்ட ரிவெர்ப்புக்கு அனுப்புங்கள். ரிவெர்ப் திரும்பி வரும் சேனலில் கம்ப்ரஸர் போட்டு, குரல் வரும்போதெல்லாம் ரிவெர்ப் தானாகத் தாழும்படி, குரலைக் கம்ப்ரஸரின் சைடுசெயினில், அதாவது அதை இயக்கும் தனி உள்ளீட்டில், இணையுங்கள். வால் குரலுக்கு வழிவிட்டு, வரி முடிந்ததும் எழும்பும். அப்புறம் அந்தச் சேனலை மட்டும் தனியே ஒலிக்கவிட்டு ஒருமுறை முழுவதும் கேளுங்கள். அது தன்னளவிலேயே கேட்கத் தகுந்ததாக இல்லையென்றால், டிகே குமிழை விட்டுவிட்டு வடிகட்டியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

வணக்கம்.