முள் குட்டையானால் இனம் மாறுமா? லிங்குலோடினியம் மச்சேரோஃபோரம் சிஸ்டை அடையாளம் காண்பது

[திரையில்: நுண்ணோக்கிப் படம். அளவுக்கோடு 20 மைக்ரான்]

உருண்டையான உடல், சுற்றிலும் முள். இதுதான் லிங்குலோடினியம் மச்சேரோஃபோரம். டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிர் உறக்கத்துக்குப் போகும்போது கட்டிக்கொள்ளும் உறை. இந்த உறையைத்தான் சிஸ்ட் என்கிறோம். பேலியோசீன் காலத்தின் பிற்பகுதி தொடங்கி இன்றுவரை கடல் படிவுகளில் கிடைக்கிறது.

உடலின் குறுக்களவு பெரும்பாலும் 30 முதல் 55 மைக்ரான். சுவர் பொடிமணலைத் தூவியதுபோல் சொரசொரவென்று இருக்கும்.

[திரையில்: ஒரு முள், பெரிதாக்கி]

முள்ளை நிதானமாகப் பாருங்கள். நம் தேரிக்காட்டு உடைமுள் மாதிரி அடி பருத்து, நுனி கூர்ந்து போகிறது. உள்ளே குழல், நுனி மூடியிருக்கும். நுனிப் பக்கம் மிகச் சிறிய துணைமுட்கள் இருக்கலாம். முட்கள் உடல் முழுக்கப் பரவி நிற்கும். செல்லின் கவசத் தகடுகளின் எல்லைக்கோட்டை ஒட்டி வரிசை கட்டாது.

அடுத்தது ஆர்க்கியோபைல், அதாவது உயிர் வெளியேறிய வாசல். உடலின் நடுவே சுற்றி ஓடும் இடுப்புப் பள்ளத்துக்கு மேல் வரிசையில் ஒன்று முதல் ஐந்து தகடுகள் வரை கழன்றிருக்கும். அதனால் வாசலின் அளவு சிஸ்டுக்குச் சிஸ்ட் மாறும்.

இதோடு குழப்பம் தரும் வேறு சிஸ்டுகள் மூன்று. ஸ்பினிஃபெரைட்டிஸில் முள் தகடுகளின் மூலையில் நிற்கும், நுனி மூன்றாகப் பிரியும். ஆபர்குலோடினியம் சென்ட்ரோகார்பமில் ஒரே ஒரு தகடுதான் கழலும். பாலிஸ்ஃபெரிடியம் சோஹாரியில் முள் நுனி திறந்த குழாய், மேல்பாதி ஓடே கழன்றுவிடும். வெப்பக் கடல் சேற்றில் வேலை செய்கிறவர்கள் இந்த மூன்றாவதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

[திரையில்: நீள முள், குட்டை முள் சிஸ்டுகள் அருகருகே]

இரண்டும் ஒரே இனம். உப்பு குறைந்த நீரில் முள் குட்டையாகும், சிலவற்றில் நுனி குண்டாந்தடிபோல் உருளும். 2009-இல் கென்னத் மெர்டன்ஸ் குழு பல கடல்களின் மேற்படிவுகளை ஒப்பிட்டு, முள்ளின் சராசரி நீளம் நீரின் உப்போடும் வெப்பத்தோடும் சேர்ந்து மாறுவதைக் காட்டியது. ஆகவே நீளத்தை மட்டும் வைத்துப் புது இனம் என்று எழுதிவிடாதீர்கள். அளக்க வேண்டியது, ஒரு மாதிரியில் 50 சிஸ்ட். ஒவ்வொன்றிலும் மிக நீளமான மூன்று முட்கள். விளிம்பில் படுத்திருக்கும் முள்ளையே அளக்கணும். நம்மை நோக்கி நிற்கும் முள் குட்டையாகத் தெரியும்.

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் முகத்துவாரச் சேற்றில் இது கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் அங்கே உப்பு இறங்கும், கோடையில் ஏறும். தவிர, சிஸ்ட் வண்டல் துகள் அளவுதான். மன்னார் வளைகுடா நீரோட்டம் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து போட்டிருக்கலாம். தனி ஒரு சிஸ்ட் எதையும் சொல்லாது, சராசரிதான் பேசும்.

[திரையில்: ஆய்வக மேசை]

தயாரிப்பில்தான் பாதிப் பிழை நடக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைக்க 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், நுரை நிற்கும்வரை. நன்றாகக் கழுவியபின் மணலுக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். அதைக் கண்ணாடியில் ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் பாத்திரம், புகைபோக்கி அறை, கையருகே கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, மூன்றும் இல்லாமல் புட்டியைத் திறக்கவே கூடாது. பிறகு 10 மைக்ரான் சல்லடை. மகரந்தத்துக்குச் செய்யும் அசிட்டாலிசிஸ் என்ற அமிலக் கலவைச் சுத்திகரிப்பு இங்கே வேண்டாம், அதே மாதிரியில் இருக்கும் மற்ற இனங்களின் மெல்லிய பழுப்புச் சிஸ்டுகள் அழிந்துபோகும். ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் குளியலில் அதிக நேரம் விட்டால் முள் ஒடியும். ஒடிந்த நுனி வெட்டினாற்போல் இருக்கும், குழல் வாய் தெரியும். இயல்பான குட்டை முள்ளின் நுனி உருண்டு மூடியிருக்கும். ஒடிந்ததை அளவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.