சின்ன ரீஃப் டேங்குக்கு எந்த லைட்? கொழும்புச் சூட்டில் பார்க்க வேண்டியவை

வணக்கம். எனக்குப் பின்னால் இருப்பது ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. எல்லாம் ஒரே நீலமாகத் தெரியும். நேரில் இவ்வளவு நீலம் இல்லை, ரீஃப் லைட்டின் நிறத்தைக் கமராவால் சரியாகப் பிடிக்க முடியாது. லென்ஸுக்கு முன்னால் இந்த ஆரஞ்சு ஃபில்டரை வைக்கிறேன்... சரி, இப்போது பாருங்கள்.

இன்றைக்கு இரண்டடி டேங்குக்கு லைட் வாங்குவதைப் பற்றிப் பேசுவோம். நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 30, உயரம் 30. விளிம்பு வரை நிரப்பினால் 54 லீட்டர். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இந்த அளவு நன்றாக ஒத்துவரும்.

கடைக்குப் போனால் "எத்தனை வாட் வேணும்?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு முன்னால் எந்தப் பவளம் வைக்கப் போகிறீர்கள் என்று நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும். பவளத்தின் உடலுக்குள் ஸூசாந்தெல்லே என்கிற நுண்பாசி வாழ்கிறது. அது வெளிச்சத்தில் உணவு தயாரித்து, அதில் பெரும் பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. நாம் லைட் வாங்குவது அந்தப் பாசிக்காகத்தான். அதற்குப் பயன்படும் வெளிச்சம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதில் எவ்வளவு பவளம் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது என்பதைச் சொல்லும் அளவுக்குப் பெயர் பிஏஆர்.

பெட்டியில் போட்டிருக்கும் லூமெனை நம்பி வாங்காதீர்கள். லூமென், லக்ஸ் இரண்டும் மனிதக் கண்ணுக்கான அளவுகள். நம் கண்ணுக்குப் பச்சைதான் பளிச்சென்று தெரியும், நீலம் மங்கல். ரீஃப் லைட்டின் பலமோ 420 முதல் 480 நானோமீட்டர் வரையுள்ள நீலத்தில் இருக்கிறது. ஃபோனில் லக்ஸ் ஆப் போட்டு அளந்தால் நல்ல ரீஃப் லைட்கூட வலுவில்லாததுபோலக் காட்டும். லைட் செய்த கம்பெனி, எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் எவ்வளவு பிஏஆர் என்று படம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லை என்றால் நான் அதை வாங்க மாட்டேன்.

மஷ்ரூம், லெதர் மாதிரி மென்பவளங்களுக்கு 50 முதல் 100 பிஏஆர் போதும். ஹாமர், டோர்ச் மாதிரி கல் எலும்புள்ள பவளங்களுக்கு 80 முதல் 150. கிளை கிளையாக வளரும் அக்ரோபோராவுக்கு 200க்கு மேலே வேண்டும், ஆனால் இந்த ஊரில் 54 லீட்டரில் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. இன்னொன்று, நம் கடலில் இருந்து உயிருள்ள பவளத்தை உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம். எங்கிருந்து வந்தது என்று காகிதம் காட்ட முடியாத கடையில் வாங்காதீர்கள்.

இனி வருவதுதான் முக்கியம்: சூடு. ஏசி இல்லாத கொழும்பு அறையில் தண்ணீர் சும்மாவே 28, 29 பாகைக்கு வந்துவிடும். சித்திரையில் 30ஐத் தாண்டும். தண்ணீர் சூடாகும்போது, பாசி வாங்கும் வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் திறன் குறைகிறது. பயன்படாத வெளிச்சத்தால் உள்ளே நச்சு உருவாகி, பவளம் அந்தப் பாசியையே வெளியே தள்ளிவிடுகிறது. பவளம் வெளுப்பது இப்படித்தான். 1998இல் கடல் சூடானபோது ஹிக்கடுவையிலும் கல்பிட்டிப் பக்கம் பார் ரீஃபிலும் பவளங்கள் பெருமளவில் வெளுத்து இறந்தன. சூடும் கடும் வெளிச்சமும் ஒன்றாக வந்தால் ஆபத்து இரட்டிப்பு. அதனால்தான், நம் ஊரில் லைட் குறைந்துவிடுமோ என்பதைவிடக் கூடிவிடுமோ என்றுதான் பயப்பட வேண்டும் என்கிறேன்.

மெட்டல் ஹலைட் என்கிற, அதிகச் சூடு கக்கும் விளக்கு இந்த டேங்குக்கு வேண்டவே வேண்டாம், அடுப்பை மேலே வைத்த மாதிரி. டி5 என்கிற மெல்லிய டியூப் லைட் வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பும், ஆனால் பெரும்பாலும் நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் குறைக்க முடியாது. எல்இடி எடுங்கள். நீலம் தனியாக, வெள்ளை தனியாகக் குறைக்க முடிய வேண்டும், டைமர் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் குவிக்கும் குறுகிய லென்ஸ் வேண்டாம். நடுவில் பவளம் கருகும், இரண்டு மூலையும் இருட்டாகக் கிடக்கும். அகலமாகப் பரப்பும் லென்ஸ், அல்லது டேங்கின் நீளத்துக்கே வரும் பார் லைட் நல்லது.

நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம்: பின்னேரம் 3 மணிக்கு மெதுவாக ஏறத் தொடங்கி, இரவு 11 மணிக்கு அணையட்டும். எட்டு மணித்தியாலம் போதும். லைட் முழு வேகத்துக்கு வரும்போது உச்சி வெயில் இறங்கியிருக்கும், நீங்களும் வேலை முடிந்து வந்து பார்க்கலாம். டேங்கை ஜன்னல் வெயில் படாத பக்கத்தில் வையுங்கள். மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்தால் கொஞ்சம் குளிரும், ஆனால் இங்குள்ள ஈரக்காற்றில் பெரிய அளவு எதிர்பார்க்க வேண்டாம். ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

புது லைட்டை முதல் நாளே நூறு வீதத்தில் போடாதீர்கள். முப்பதில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து அல்லது பத்து வீதம் கூட்டுங்கள். பவளம் பழுப்பாகி மேலே நீண்டு வளர்ந்தால் வெளிச்சம் போதவில்லை. நிறம் வெளிறிச் சுருங்கினால் கூடிவிட்டது, அன்றைக்கே குறையுங்கள். கூட்டுவதற்கு அவசரமே இல்லை.

அப்புறம், கடற்கரைப் பக்கம் வீடென்றால் உப்புக்காற்று வேறு. லைட்டைத் தண்ணீரில் இருந்து 20 சென்டிமீட்டராவது மேலே தூக்கி மாட்டுங்கள், தெறிக்கும் உப்பை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டு. வயரை நேராகப் பிளக் பொயின்டுக்குக் கொண்டுபோகாமல், அதற்குக் கீழே தொங்கவிட்டு மேலே வளைத்துச் செருகுங்கள். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு லைட்டைப் போடுங்கள்.