தோட்டத்து லேண்ட் ரோவருக்குத் துரு எங்கே பிடிக்கும்?

[காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் கடைவீட்டு மாடி அறை. மேசை விளக்கின் கீழ் ஒரு சாணுக்கும் குறைந்த நீளமுள்ள சிறு வண்டி.]

வணக்கம். மேசையில் நீங்கள் பார்க்கும் லேண்ட் ரோவர், பெட்டியோடு வாங்கி ஒட்டிய கிட் அன்று. டயர்களை மட்டும் ஒரு பழைய பொம்மை வண்டியிலிருந்து கழற்றிக்கொண்டேன். மற்றவை யாவும் ஸ்டைரீன் என்னும் வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை வெட்டிச் செய்தவை. இத்தகைய வேலையை ஸ்க்ராட்ச் பில்ட் என்பார்கள். பால்மரத் தோட்டங்களில், அதாவது ரப்பர் தோட்டங்களில், துரைமார் நிரை நிரையாகச் சுற்றி வந்த வண்டி என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

[காட்சி: கட்டம் போட்ட தாளில் பக்கவாட்டு வரைபடம்.]

முதல் வேலை கணக்கு. 1958இல் வெளிவந்த இரண்டாம் வரிசைக் குட்டை வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 88 அங்குலம், அதாவது 2235 மில்லிமீட்டர். 1:24 அளவில், அதாவது உண்மை வண்டியின் 24இல் ஒரு பங்கில், அது 93 மில்லிமீட்டராகும். இந்த ஓர் அளவு கையில் இருந்தால், நேர் பக்கவாட்டில் எடுத்த ஏதேனும் ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்கி, சக்கர மையங்களுக்கு இடையே 93 மில்லிமீட்டர் வரும்படி அச்சிட்டு, மற்ற அளவுகளை அதன்மீதே ஸ்கேல் வைத்துப் படித்துக்கொள்ளலாம். சற்றே சாய்வாக எடுத்த படம் உதவாது.

[காட்சி: தகட்டைக் கத்தியால் கீறி ஒடிக்கும் கைகள்.]

தகட்டை அறுக்க வேண்டியதில்லை. இரண்டு முறை கீறிவிட்டு மடித்தால் கோட்டோடு ஒடிந்துவிடும். ஆனால் நான் பயன்படுத்தும் 0.5 மில்லிமீட்டர் தகடு, உண்மை வண்டியில் 12 மில்லிமீட்டர் கனத்துக்குச் சமம் என்பதை மறக்கக் கூடாது. அவ்வளவு தடித்த மட்கார்டு உலகில் எந்த வண்டிக்கும் கிடையாது. முழுத் தகட்டையும் மெலிதாக்கினால் வண்டி நெளிந்துவிடும் என்பதால், கண்ணுக்குத் தெரியும் விளிம்பை மட்டும் உட்புறமாகச் சாய்த்துச் சீவுகிறோம். பார்ப்பவர் விளிம்பை வைத்தே கனத்தை மதிப்பிடுகிறார். அந்த ஏமாற்று போதுமானது.

ஒட்டுவதற்கு நீர்போன்ற கரைப்பான் பசையே சிறந்தது. இரு தகடுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூரிகை முனையால் இடுக்கைத் தொட்டால், பசை தானாகவே உள்ளே ஓடி, பிளாஸ்டிக்கைக் கரைத்து, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். கண்ணாடிக்கு மட்டும் வெள்ளைப் பசை. சூப்பர் குளூவின் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கின்மேல் பனிபோல் படியும், அதைத் துடைத்து எடுப்பது பெரும்பாடு.

[காட்சி: ஜன்னலுக்கு வெளியே மழை.]

ஸ்பிரே அடிப்பதற்கு நம் ஊர் வானிலை ஒத்துழைப்பதில்லை. மழை பெய்து ஓய்ந்த மாலையில் லாக்கர் அடித்தால், கரைப்பான் விரைந்து ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்க, காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து, பச்சை வண்ணம் சாம்பல் பூத்தாற்போல் வெளிறிவிடும். நான் காலை பத்து மணிக்குமேல், வெயில் ஏறிய பிறகே அடிக்கிறேன்.

[காட்சி: பழுப்புத் துரு படர்ந்த மற்றொரு மாதிரி வண்டி.]

இது என் முதல் வண்டி. பழையதாகத் தோன்ற வேண்டும் என்ற ஆர்வத்தில் மட்கார்டு, பானட், பின்தொட்டி என எல்லா இடத்திலும் துரு பூசினேன். ஒரு தோட்டத்தில் பல ஆண்டு வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது அலுமினியம்யா. இதுல எங்க துரு பிடிக்கும்? கீழ சட்டத்தப் பாரு, அங்கதான் தின்னுரும்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆனால் அவர் சொன்னது முற்றிலும் சரி. 1948இல் லேண்ட் ரோவர் முதன்முதலில் வந்தபோது, போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியதால், உடற்பகுதியின் வெளித்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடிச்சட்டமும் எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரும் எஃகாகவே இருந்தன.

ஆகவே மட்கார்டில் வண்ணம் உரிந்த இடத்தில் மங்கிய வெள்ளி நிறம் தெரிய வேண்டும். பின்தொட்டியின் மேல்விளிம்புப் பட்டைகள் துத்தநாகம் பூசியவை என்பதால் அவை வெளிறிய சாம்பல். எஃகுச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு பொருந்தும் கதவின் கீழ்விளிம்பில் வெள்ளைப் பொடியாக அரிப்பு கிளம்பும். செந்துரு, அடிச்சட்டத்திலும் கால் வைக்கும் குழியின் அடியிலும்தான். ஸ்பாஞ்சுத் துண்டால் வண்ணத்தை ஒற்றி ஒற்றி வைத்தால் உரிந்த வண்ணத்தின் ஒழுங்கற்ற விளிம்பு கிடைக்கும். தூரிகையால் வரைந்தால் அது வரைந்ததாகவே தெரியும்.

[காட்சி: பலகையின்மேல் பால்மர நிரை.]

இனி நிலக்காட்சி. வெட்டுக்குத் தயாரான பால்மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். 1:24 அளவில் தண்டின் குறுக்களவு 6.6 மில்லிமீட்டர்தான். மெல்லிய குச்சியே போதும், பருத்த கிளையை வெட்டி வராதீர்கள். பால் வடியப் பட்டையில் வெட்டும் கோட்டின் திசையில் பலர் தவறுகிறார்கள். மரத்துக்கு முன்னால் நிற்பவருக்குக் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சுமார் 30 டிகிரி தாழ வேண்டும். பால் குழாய்கள் மேலேறும்போது வலப்பக்கம் சற்றே சாய்வதால், இவ்வாறு வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணம் மங்கு. எங்கள் வீட்டில் மிஞ்சிய ஒரு மங்கின் வாய் 12 சென்டிமீட்டர் இருந்தது. சூடாக்கிய தகட்டை உருண்டை முனையால் அழுத்தி, 5 மில்லிமீட்டர் மங்குகளைச் செய்தேன்.

செம்மண்ணைத் தோட்டத்திலிருந்தே எடுக்கலாம், ஆனால் காயவைத்து நைலான் துணியில் சலித்த தூளை மட்டும் கொள்ளுங்கள். சாதாரண மணற்பருக்கை இந்த அளவில் கூழாங்கல் ஆகிவிடும். நீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டால்தான் தூளின்மேல் உருளாமல் உள்ளே இறங்கும். காய்ந்தபின் நிறம் கருத்துவிட்டால், பசையில்லாத தூளை மேலே மெல்லத் தூவுங்கள்.

[காட்சி: ஈர மண்ணில் சக்கரத் தடம்.]

வண்டியை நிறுத்த வேண்டிய இடத்தில் மண் ஈரமாக இருக்கும்போதே, வேறு இரண்டு டயர்களை அழுத்தி உருட்டித் தடம் பதியுங்கள். மறுநாள் வண்டியை அந்தத் தடத்தில் வைத்து, பலகையின் அடியிலிருந்து ஒரு திருகாணியை அடிச்சட்டத்துக்குள் முடுக்குங்கள். பசையால் ஒட்டிவிட்டால், பின்னால் ஒரு கண்ணாடி கழன்றாலும் வண்டியைக் கையில் எடுத்துச் சரிசெய்ய முடியாது.